நிமிடத்துக்கு அறுபத்தாறு சொல்லும் காத்தான் அவர்களும்

தம்பிமார்களே, தங்கைமார்களே,

போன மாதம் மலாக்கா ஆயர் குரோவில் உங்கள் கணினி அலுவலகத்துக்கு என்னை அழைத்து, மாலை போட்டு, முன்வரிசையில் உட்காரவைத்தீர்கள். மாலை என் கழுத்தைக் குத்திக்கொண்டிருந்தபோது பின்வரிசையில் நீங்கள் ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டிருந்தீர்கள். கிழவிக்குக் காது கேட்காது என்ற தைரியம். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

யாரோ ஒரு வாடிக்கையாளருக்கு, கோப்பு ஒரு நிமிடத்தில் போய்ச் சேரும் என்று வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். போய்ச் சேர எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கம்பி பிட்டில் அளக்கிறது, கோப்பு பைட்டில் அளக்கிறது, நடுவில் எட்டால் வகுக்க யாரும் நினைக்கவில்லை. அந்த எட்டை விழுங்கியது யார் என்பதுதான் சண்டை. நான் உள்ளுக்குள் சிரித்துச் சிரித்து, மாலையிலிருந்த பூவில் பாதி மடியில் உதிர்ந்துவிட்டது. பேசச் சொன்னபோது அதனால்தான் நாலு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டேன். மீதியை இப்போது எழுதுகிறேன்.

மலாயா சுதந்திரம் அடைந்த ஆண்டில் நான் மலாக்கா தந்தி அலுவலகத்தில் டெலிபிரிண்டர் ஆபரேட்டர். வயது இருபது. வீடு காஜா பெராங்கில். தட்டச்சுப் பலகை போன்ற ஒன்றில் நாங்கள் தட்டினால் காகித நாடாவில் ஓட்டைகள் விழும். நாடாவை இயந்திரத்தில் கொடுத்தால் அது கடகடவென்று கம்பியில் ஓடி, கோலாலம்பூரில் எழுத்தாக விழும். ஓடும் வேகம் நிமிடத்துக்கு அறுபத்தாறு சொல். நீங்கள் ஏளனமாகப் பார்ப்பது இங்கிருந்தே தெரிகிறது. அன்றைக்கு அது பெரிய வேகம், பார்ப்பவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

எனக்கு அடுத்த நாற்காலியில் என் தோழி. அவள் மலாக்காச் செட்டிக் குடும்பத்துப் பெண். எங்கள் வீட்டிலிருந்து நாலு எட்டில் அவர்கள் கம்போங், அதாவது குடியிருப்பு. மாரியம்மனுக்கு என்னைவிட ஒழுங்காக விரதம் இருப்பாள், ஆனால் தமிழ் தெரியாது. வீட்டில் பேசுவது அவர்களுடைய மலாய்தான். அவள் பேர் சொல்லமாட்டேன். 'என்னைப் பற்றி எழுதினால் பேர் போடாதே, என் பேரப்பிள்ளைகள் கிண்டல் பண்ணுவார்கள்' என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். வேலையில் நான் திணறியபோதெல்லாம் கைகொடுத்தவள் அவள்தான். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தாலே சிரிப்பு வரும், காரணமே வேண்டாம்.

சுதந்திர நாள் ஊருக்கு விடுமுறை, எங்களுக்கு இல்லை. வாழ்த்துத் தந்தி மலைபோல் குவிந்துகொண்டிருந்தது. வெளியே வேட்டு, பேண்டு வாத்தியம், கொடி. உள்ளே நாங்கள் கையால் தட்டிக்கொண்டு காலால் பேண்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தோம். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் நிருபர் ஓடிவந்தார்.

நிருபர் என்றால் முழுநேர நிருபர் இல்லை. பெண்டஹாரா சாலையில் ஒரு துணிக்கடையில் சேலை மடிப்பது அவர் வேலை. மடித்த நேரம் போக, கோலாலம்பூர்த் தமிழ்ப் பத்திரிகை ஒன்றுக்குச் செய்தி அனுப்புவார். அவர் எழுத்து நன்றாக இருக்கும், ஆனால் போய்ச் சேரும்போது பக்கம் முடிந்திருக்கும். ஆசிரியர் பொறுத்துப் பார்த்து, 'சுதந்திர விழாச் செய்தி ஐந்து மணிக்குள் வந்தால் உங்களை மலாக்காவின் நிரந்தர நிருபராக்குகிறேன், வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லிவிட்டாராம். அந்த மனிதர் வெளுத்துப்போய் நின்றார். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"தங்கச்சி, இத மட்டும் அஞ்சு மணிக்குள்ள தள்ளிவிட்டுருங்க. இல்லாட்டி சாகுற வரைக்கும் நான் சேல மடிக்க வேண்டியதுதான்."

மேசையில் ஒரு கட்டுத் தாளை வைத்தார். ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். அந்தக் காலத்தில் தமிழ்ச் செய்தி அப்படித்தான் போகும்.

எங்கள் மேற்பார்வையாளர் யாழ்ப்பாணத்துக்காரர், கணக்கில் புலி. சொற்களை எண்ணினார், கண்ணாடியைக் கழற்றினார், தீர்ப்புச் சொன்னார்.

"இதுக்கேன் பிள்ளை பதறுறீர்? தொள்ளாயிரம் சொல்லு. அறுபத்தாறாலை பிரிச்சுப் பாரும். பதினாலு நிமிசம் காணும். நாலரைக்குக் கோலாலம்பூர் எங்களுக்கு இருபது நிமிசம் லைன் தருது. ஆறு நிமிசம் மிச்சம்."

நிருபர் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நானும் தோழியும் தாளைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தோம்.

இங்கேதான் கூத்து ஆரம்பம். எனக்குத் தமிழ் தெரியும், அதனால் படித்துக்கொண்டே தட்டினேன். 'விண்ணதிர முழங்கிய வெற்றி முரசு' என்று ஒரு வரி வந்தது. அந்த முரசை அடித்தவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், ரொட்டி டின்னைத்தான் அடித்தார், காலையில் என் கண்ணால் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்து விரல் தடுமாறியது. தோழிக்கு அந்தத் தொல்லை இல்லை. அவளுக்கு அது வெறும் எழுத்து. வங்கிக்காரர்கள் அனுப்பும் ரகசியக் குறியீட்டுத் தந்தியைத் தட்டுவதுபோல் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் தட்டிக்கொண்டே போனாள்.

ஒரு பக்கம் முடிந்ததும் கீழே பார்த்தேன். நாடா என் கணுக்காலைச் சுற்றிக் கிடந்தது. ஒரு பக்கத்துக்கு இவ்வளவு நாடா ஆகாதே. தட்டிய சொற்களைத் திரும்பிப் பார்த்தேன். 'கலந்துகொண்டிருந்தார்கள்' என்று ஒரு சொல். ஆங்கில எழுத்தில் எழுதினால் இருபதைத் தாண்டுகிறது.

தம்பிமார்களே, நிமிடத்துக்கு அறுபத்தாறு சொல் என்று சொன்னேனே, அந்தச் சொல்லை யார் அளந்தார்கள்? வெள்ளைக்காரர்கள் அளந்தார்கள், அவர்கள் மொழியை வைத்து. ஒரு சொல் என்றால் ஐந்து எழுத்து, ஓர் இடைவெளி. இயந்திரத்துக்குச் சொல் தெரியாது, எழுத்துத்தான் தெரியும். நிமிடத்துக்கு நானூறு எழுத்து, அவ்வளவுதான் அதன் சக்தி. நம்முடைய ஒரு 'கலந்துகொண்டிருந்தார்கள்' அதற்கு நாலு சொல். சராசரி பார்த்தால் நிருபரின் ஒவ்வொரு சொல்லும் இரண்டு சொல்லின் எடை. பதினாலு நிமிடம் என்பது இருபத்தேழு நிமிடம். நமக்குக் கிடைப்பதோ இருபது.

சொன்னதும் மேற்பார்வையாளர் மறுபடி கண்ணாடி போட்டார். பென்சிலால் ஒருமுறை போட்டுப் பார்த்தார். "பிழைச்சுப் போச்சு" என்று மட்டும் சொன்னார், கணக்குத் தப்பு என்று அர்த்தம். அவரிடம் எனக்குப் பிடித்தது அதுதான். நாடாவில் தப்பா, கணக்கில் தப்பா, யார் தப்பு என்று ஒரு நிமிடம்கூட வீணாக்கவில்லை. நீங்கள் பின்வரிசையில் செய்தது அதற்கு நேர் எதிர். கோபித்துக்கொள்ளாதீர்கள், வயதானவள் சொல்கிறேன்.

"அண்ணே, வெட்டணும்" என்றேன் நிருபரிடம். வாடிக்கையாளர் எழுதியதில் நாங்களாகக் கை வைக்கக்கூடாது, அது எங்கள் தொழிலில் பாவம். அவராகத்தான் வெட்டவேண்டும்.

"எத வெட்ட?"

"பேருங்களத்தான். நூத்தம்பது பேருக்கு மேல இருக்கே."

அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "பேர வெட்டினா நான் ஊருக்குள்ள நடக்க முடியாதும்மா. சுதந்திர நாள் பத்திரிகையில பேரு வருதுன்னு ஒவ்வொருத்தரும் காலையிலயே என்னப் புடிச்சுச் சொல்லிட்டாங்க."

கடிகாரம் நாலைத் தாண்டிவிட்டது. அப்போது என் தோழி தட்டுவதை நிறுத்தாமலே ஒன்று கேட்டாள். மலாயில்தான் கேட்டாள், தமிழில் சொல்கிறேன்.

"ஒன்று சொல்லு. இந்த அவர்கள் குடும்பம் இவ்வளவு பெரிசா?"

"எந்தக் குடும்பம்?"

"இதோ. முத்துசாமி அவர்கள், நடராஜா அவர்கள், பழனியப்பா அவர்கள். எங்கள் கம்போங்கில் பிள்ளை என்று முடிகிறவர்கள் அத்தனை பேரும் ஒரே குடும்பம். ஆனால் நாங்கள்கூட இத்தனை பேர் இல்லை. எல்லாரும் மலாக்காவிலா இருக்கிறார்கள்?"

நான் நாற்காலியிலிருந்து கீழே விழாத குறை. நிருபரும், வேலை போகிற நிலைமையிலும், வாயைப் பொத்திக்கொண்டார். அது குடும்பப் பேர் இல்லை, மரியாதை என்று விளக்கினேன். பேருக்கு முன்னால் வரும் 'திருவாளர்' என்பதும் மரியாதைதான்.

"முன்னாலும் மரியாதை, பின்னாலும் மரியாதையா?" என்று தோழி வியந்தாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள். "எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே வருகிறது. தலைப்பில் ஒருமுறை சொல்லிவிட்டால் அவர்களே அங்கே போட்டுக்கொள்ளமாட்டார்களா?"

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பேருக்கு மரியாதை மட்டும், இடைவெளியோடு சேர்த்து, இருபது எழுத்து. எல்லாப் பேருக்கும் சேர்த்தால் ஏழரை நிமிடம். அந்த ஏழரையை எடுத்துவிட்டால் மீதி இருபதுக்குள் அடங்கிவிடும். இன்றைக்கு நீங்கள் கோப்பைச் சுருக்குகிறோம் என்று பெருமையாகப் படம் போட்டுக் காட்டுகிறீர்களே, அதைத் தமிழ் தெரியாத ஒருத்தி, கை நிற்காமல், போகிறபோக்கில் சொன்னாள்.

நிருபர் தலைப்பில் எழுதினார்: 'கீழே வரும் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் திருவாளர், பின்னால் அவர்கள் சேர்க்கவும்.' எழுதியவர் திடீரென்று பேனாவைத் தூக்கிப்பிடித்தார்.

"இருங்க, இருங்க. எல்லாருக்கும் இல்ல. கடைசியில பந்திக்குச் சமச்சவங்க, வண்டி ஓட்டினவங்க, தோரணம் கட்டினவங்க பேரு வருது. செங் தோட்டத்து ஆளுங்க. அவங்களுக்கு நான் ஒண்ணும் போடல. வெறும் பேருதான். அத எப்படிச் சொல்றது?"

எந்தப் பேரிலிருந்து எந்தப் பேர் வரை மரியாதை வேண்டாம், நடுவில் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று அவர் எழுத முயன்றார். அது ஒரு பத்தி நீண்டது. நான் பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன்.

"அண்ணே, விதிவிலக்கு எழுதவும் எழுத்து செலவாகுது. எல்லாருக்கும் மரியாதன்னா ஒரு வரி. ஆளப் பாத்துக் குடுக்கணும்னா ஒரு பக்கம். நேரம் எதுக்கு இருக்கு?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "எல்லாருக்கும்" என்றார்.

மரியாதையோடு தட்டியிருந்த நாடாவைக் கிழித்துப்போட்டு, பேர்களை மட்டும் மறுபடி தட்டினோம். நாலரைக்கு லைன் கிடைத்தது. மேற்பார்வையாளரே நாடாவைக் கையில் தாங்கி, சிக்காமல் இயந்திரத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் வால் பக்கத்தை இன்னும் தட்டிக்கொண்டிருந்தோம், தலைப் பக்கம் கோலாலம்பூரில் விழுந்துகொண்டிருந்தது. கடைசிப் பேர் போய், 'கிடைத்தது' என்று அங்கிருந்து பதில் வந்தபோது எங்கள் இருபது நிமிடத்தில் சில விநாடிதான் பாக்கி. தோழி எழுந்து நாடாத் துண்டைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு வெளியே பேண்டுக்கு இரண்டு சுற்று ஆடினாள். மேற்பார்வையாளர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கியது.

மறுநாள் பேருந்தில் பத்திரிகை வந்தது. முழுப் பக்கம். நிருபருக்கு வேலை உறுதி என்று நான் நினைத்தேன், படிக்க ஆரம்பிக்கும்வரை.

அங்கிருந்த துணையாசிரியர் சொன்னதைச் சொன்னபடி செய்யும் மனிதர். 'ஒவ்வொரு பெயருக்கும்' என்று சொன்னோம், ஒவ்வொரு பெயருக்கும் போட்டுவிட்டார். 'திருவாளர் காஜா பெராங் அவர்கள் முதல் திருவாளர் செங் அவர்கள் வரை மக்கள் வெள்ளம்.' அலங்கார வண்டி இழுத்த இரண்டு மாடுகளின் பேரையும் நிருபர் ஆசையாக எழுதியிருந்தார். அவையும் திருவாளர் ராமன் அவர்கள், திருவாளர் லட்சுமணன் அவர்கள் ஆகிவிட்டன. கடைசியில், சோறு வடித்தவர் திருவாளர் காத்தான் அவர்கள்.

நான் சிரித்தேன், அழுதேன், மறுபடி சிரித்தேன். எதற்கு அழுகிறாய் என்று தோழி கேட்டாள். எனக்கே தெரியவில்லை என்றேன்.

விழாக் குழுத் தலைவருக்குச் சிரிப்பு வரவில்லை. மாடுகளை அவர் பொறுத்துக்கொண்டார். அவர் முகம் கறுத்தது காத்தானால். கவுண்டரில் வந்து நின்று, ஆசிரியருக்குத் தந்தி எழுதினார்: திருத்தம் போடவேண்டும், மரியாதை தகுதியில்லாதவர்களுக்கும் போய்விட்டது.

அடுத்த நாள் ஆசிரியரிடமிருந்து பதில் வந்தது. நாடாவில் வந்ததை நானே கையால் எழுதினேன். 'மரியாதை தவறாகச் சேர்ந்தவர்களின் பெயர்களைத் தலைவர் தம் பெயரிலேயே தந்தியில் அனுப்பட்டும். அவர் பெயரோடு வெளியிடுகிறோம். அவற்றில் ஒரு மனிதர் பெயராவது இருந்தால் தவறு நிருபருடையது, அவரை மாற்றிவிடுகிறோம்.'

தலைவர் வந்தார். பின்னால் நிருபரும் வந்து, சுவரோரமாக நின்றார். தலைவர் தந்தித் தாளை இழுத்துப் பேனாவைத் திறந்தார். ராமன் என்று எழுதினார். லட்சுமணன் என்று எழுதினார். காஜா பெராங், செங் என்று எழுதினார். அடுத்த வரிக்குப் போனார்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு காத்தான் உள்ளே வந்தார். யாரும் கூப்பிடவில்லை. தன் சொந்த வேலையாக வந்தவர். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டு, சட்டையைச் சரிசெய்து, உள்ளே வைத்திருந்த பத்திரிகையை எடுத்தார். தலைவரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"தலைவரே, நீங்களும் இங்கதான் இருக்கீங்களா? உங்க பேரும் வந்திருக்கு, எம் பேரும் வந்திருக்கு. தோட்டத்துல படிச்ச புள்ள ஒண்ணு வாசிச்சுக் காட்டிச்சு. எம் பேருக்குப் பின்னால அவர்கள்னு போட்டிருக்காம். நெசந்தானா?"

தலைவர் கையில் பேனா. பேனாவுக்குக் கீழே காலி வரி. நிருபர் கண்ணை மூடிக்கொண்டார். என் தோழி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

தலைவர் கெட்டவர் இல்லை. சபையில் முதல் நாற்காலி வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. அன்றைக்கு அந்தப் பந்தியில் முதல் வாழையிலையில் உட்கார்ந்து காத்தான் வடித்த சோற்றைச் சாப்பிட்டவர். காத்தான் முகத்தை ஒருமுறை பார்த்தார், தாளை ஒருமுறை பார்த்தார்.

"நெசந்தான்" என்றார். பேனாவை மூடினார். "மாடும் ஊரும் மட்டும் போதும். அனுப்பிரும்மா."

அந்த வாரப் பத்திரிகையில் மாடுகள் மாடுகள்தாம் என்று வருத்தத்துடன் ஒரு திருத்தம் வந்தது. நிருபர் நிரந்தரமானார். பிறகு பல வருடம் எங்களுக்குச் செய்தி கொண்டுவந்து கொடுத்தார். எவ்வளவு நேரம் இருந்தாலும் மரியாதை வரியை ஒரே வரியாகத்தான் எழுதுவார், ஊரையும் மாட்டையும் மட்டும் விலக்கிவிட்டு.

காத்தான் வந்த வேலையைச் சொல்லவேண்டும். சிகாமட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்த மகளுக்குத் தந்தி அடிக்க வந்திருந்தார். 'நலம். பத்திரிகை பார்.' அவ்வளவுதான் செய்தி. தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு, அதனால் அனுப்புகிறவர் பேரை எப்போதும் சுருக்குவோம். சிலர் ஓர் எழுத்தோடு நிறுத்திவிடுவார்கள்.

"அனுப்புறவர் பேரு காத்தான். ஒரு சொல்லுப் போதும்தானே?" என்று மேற்பார்வையாளர் கேட்டார்.

"இல்லீங்க ஐயா" என்றார் காத்தான், கூச்சத்தோடு. "அந்தப் பேப்பர்ல இருக்குற மாதிரியே முழுசா போயிரட்டும்."

நாடா தட்டியது என் தோழி. இரண்டு நாள் முன்னால் குடும்பப் பேரா என்று கேட்டவள். ரகசியக் குறியீடுபோல் கண்ணை மூடிக்கொண்டு தட்டுகிறவள், அன்றைக்கு ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்துத் தட்டினாள். திருவாளர், இடைவெளி, காத்தான், இடைவெளி, அவர்கள். தட்டி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். அன்று ஒருநாள்தான் எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

தம்பிமார்களே, தங்கைமார்களே, அடுத்த முறை எட்டால் வகுத்துவிட்டு வாக்குக் கொடுங்கள். கம்பிக்கு ஓர் எழுத்து மிச்சம் பிடிப்பதற்காக நான் அன்று 'எல்லாருக்கும்' என்றேன், வேறு எந்த நல்ல எண்ணமும் எனக்கு இருக்கவில்லை. ஆனாலும் நான் அனுப்பிய தந்திகளில் சரியாகப் போய்ச் சேர்ந்தது அந்த வரி ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.